சுண்டலை ஒதுக்கும் பையனும் எடை மெஷினும்

மதிய உணவில் கொண்டைக்கடலை போடும் நாளில்தான் அது என் கண்ணில் பட்டது. மூன்றாம் வகுப்புப் பையன். சோற்றைப் பிசைந்து விழுங்கினான், முட்டையைப் பிட்டுப் பிட்டுத் தின்றான், கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். “கடலை பிடிக்காதாடா?” என்றேன். “பிடிக்கும் டீச்சர்” என்றான். பிறகு ஏன் ஒதுக்குகிறாய் என்றால் பதில் இல்லை, தலையைக் குனிந்துகொண்டான். கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளை. கேரட் விளைகிற மண். பச்சைக் கேரட்டைக் கையில் கொடுத்தால் பையில் போட்டுக்கொள்வானே தவிரக் கடிக்க மாட்டான்.

அந்த வருடம் அவனுடைய உடல்நல அட்டையில் என் கையெழுத்தில் இருந்தது: ‘எடை குறைவு. சரியாகச் சாப்பிடுவதில்லை.’ அதே அட்டையின் மறுபக்கத்தில், பள்ளிக்கு வந்துபோன மருத்துவக் குழு எழுதியிருந்தது: ‘சொத்தைப் பல் 5.’ தாளைத் திருப்பினால் தெரியும் இரண்டு வரிகள். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

நான் பல் மருத்துவர் இல்லை, வகுப்பு டீச்சர். அந்த ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தேடிப் படித்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என்னைப் போன்ற டீச்சர்களுக்கும் அம்மா அப்பாக்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். கேள்வி இதுதான்: பல்லைச் சுத்தமாக வைத்திருப்பதற்கும் பிள்ளையின் எடைக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் சொத்தை

எங்கள் பக்கம் பல் வலித்தால் ‘பூச்சி விழுந்துடுச்சு’ என்பார்கள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் பூச்சியை வெளியே எடுப்பதாகச் சொல்லும் பாட்டிகள் இன்னும் உண்டு. பல்லில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் பல்லின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலையில் நாக்கால் பல்லைத் தடவினால் மெழுகு மாதிரி ஒன்று தட்டுப்படுமே, அதுதான். நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தைக் கழிக்கின்றன. வாயின் அமிலக் கணக்கு (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் ஓடான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைக் கழுவி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பூசி, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த அரை மணிக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதி விஷயம் முடிந்தது. ஒரு பிள்ளை மதியச் சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே லட்டை நான்காகப் பிட்டு, மணிக்கு ஒரு துண்டாகத் தின்றால் நான்கு தாக்குதல், எச்சிலுக்கு ஓய்வே இல்லை. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பது பல்லுக்கு முக்கியம். ஸ்வீடனில் விப்பேஹோல்ம் என்ற மனநல விடுதியில் 1945-லிருந்து சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி இதைத்தான் காட்டியது. சாப்பாட்டோடு சர்க்கரை சேர்ந்தபோது சொத்தை பெரிதாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் டாஃபி கொடுத்தபோது மளமளவென்று கூடியது. அங்கிருந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்காமலே இதைச் செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று யாரும் அப்படி ஓர் ஆராய்ச்சி நடத்த முடியாது.

இன்னொரு தவறான எண்ணம், ஒட்டுகிற மிட்டாய்தான் மோசம் என்பது. தேன்மிட்டாய் ஒட்டும், ஆனால் கரைந்து போய்விடும். பிஸ்கட்டும் வர்க்கியும் மொறுமொறுவென்று இருப்பதால் ஒட்டாதது போலத் தோன்றும்; கடித்து முடித்ததும் மாவாகி கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு வெகுநேரம் கிடக்கும். ஊட்டி வர்க்கி புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊரில் அதைச் சாப்பிடுகிற விதம், சர்க்கரை போட்ட டீயில் நனைத்து, மாலை நாலு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை ஒவ்வொன்றாக. பாக்டீரியாவுக்கு அது விருந்து.

பல் வலித்தால் எடை குறைவது எப்படி

இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்கும் 12 வயதில் 53.8 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. அதாவது வகுப்பில் பாதிப் பேர். பாதிப் பேருக்கு இருப்பது யாருக்குமே நோயாகத் தெரியாது, அதுதான் சிக்கல். “பால் பல்லுதானே டீச்சர், எப்படியும் விழுந்துடும்” என்று அந்தப் பையனின் அம்மாவும் சொன்னார். விழும்தான். ஆனால் கடைவாய்ப் பால் பல் விழுவது 10, 12 வயதில். 6 வயதில் சொத்தை விழுந்த பல்லோடு பிள்ளை இன்னும் நாலைந்து வருடம் மெல்ல வேண்டும், வளர வேண்டிய நாலைந்து வருடம் அது.

இன்னொன்றும் இதில் மாட்டிக்கொள்கிறது. 6 வயது வாக்கில், எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலும் கீழுமாக நான்கு. எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை, அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சாகும்வரை கூட வரவேண்டிய பல். அந்தப் பையனுக்கு அதில் ஒன்றும் போயிருந்தது.

எடை குறைவதற்கு மூன்று வழிகள் சொல்கிறார்கள். முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: வலித்தால் தின்ன முடியாது. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்கிறோம், நொறுக்க முடியாத பிள்ளை மென்மையானதாகப் பார்த்துத் தின்னும், கடலை, கீரைத் தண்டு, கறி, பழம் எல்லாவற்றையும் ஒதுக்கும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் அந்தப் பையன் மிச்சம் வைக்காமல் தின்பான். காலையில் தின்கிறான், மதியம் அடம் பிடிக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். பொங்கலுக்குப் பல் வேண்டாம், கடலைக்கு வேண்டும் என்பது புத்தியில் ஏறவில்லை.

இரண்டாவது வழி தூக்கம். சொத்தை வலி ராத்திரி படுத்தபின்தான் அதிகமாகும். வளர்ச்சிக்கான ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் சுரப்பது. தூக்கம் கெட்டால் அதுவும் கெடக்கூடும். மூன்றாவது, சீழ். பல்லின் வேர்வரை அழுகி ஈறில் சின்னக் கொப்புளம் வந்துவிட்டால் அது உடம்புக்குள் நாள்முழுக்க எரிகிற அடுப்பு. அந்த அழற்சி பசியை அடக்கும், ரத்தம் ஊறுவதையும் குறைக்கும்.

சரி, இது யூகமா, உண்மையா? பிலிப்பைன்ஸில் 12 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். வேர்வரை அழுகிய பல் இருந்தவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2011-ல் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் அதே நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எடை குறைந்த பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு அழுகிய பால் பற்களை உடனே பிடுங்கினார்கள், மற்றவர்களுக்குச் சில மாதம் கழித்து. முதலில் பிடுங்கியவர்கள் கூடுதலாக எடை போட்டார்கள். சவூதி அரேபியாவில் 6, 7 வயதுப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி வைத்தியம் செய்து ஆறு மாதம் பார்த்ததில், வைத்தியம் செய்யாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எடையில் வித்தியாசமே தெரியவில்லை. வலி போயிற்று, பசி நன்றாக எடுத்தது, அவ்வளவுதான். ஆகவே பல்லைச் சரிசெய்தால் பிள்ளை குண்டாகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பசி எடுக்கும் என்று சொல்கிறேன், அதுவே போதாதா?

அப்புறம் எப்படிக் குண்டுப் பிள்ளைக்கும் சொத்தை?

அதே வகுப்பறைக்கு எதிர் வரிசையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கடைத்தெருவில் வீடு. எடை 40 கிலோ. அவளுக்கும் நான்கு பல் சொத்தை. மேலே சொன்ன கணக்குப்படி அவள் ஒல்லியாக அல்லவா இருக்க வேண்டும்?

இங்கேதான் பல பேர் குழம்புகிறார்கள், ஆராய்ச்சியாளர்களும் சேர்த்து. 2004-லிருந்து 2011 வரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2012-ல் ஒரு குழு படித்துப் பார்த்தது. ஏறத்தாழ பாதி ஆய்வுகளில் எடைக்கும் சொத்தைக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றில் ஒரு பங்கில் எடை கூடினால் சொத்தையும் கூடுகிறது. மிச்சத்தில் எடை குறைந்தவர்களுக்கு அதிகச் சொத்தை. ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும். ஒரு கிண்ணத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். இடது விளிம்பு ஒல்லிப் பிள்ளைகள், வலது விளிம்பு குண்டுப் பிள்ளைகள், நடுவில் சரியான எடை. சொத்தை இரண்டு விளிம்பிலும் உயரம், நடுவில் பள்ளம். ஒரு ஊரில் ஒல்லிப் பிள்ளைகள் அதிகமென்றால் ஆய்வுக்கு இடது பாதி மட்டும் தெரியும். பணக்கார நாட்டில் வலது பாதி தெரியும். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் ஒன்றுமே தெரியாது.

இடது விளிம்பில் பல் எடையைக் கெடுக்கிறது. வலது விளிம்பில் பல்லும் எடையும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. இரண்டையும் மூன்றாவதாக ஒன்று கெடுக்கிறது, சர்க்கரை. கடைத்தெருப் பெண்ணின் பையில் தினமும் ஒரு குளிர்பானம் இருக்கும். 250 மில்லியில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, ஒருநாள் உணவின் மொத்த கலோரியில் சேர்த்த சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5-க்குக் கீழே. நாளொன்றுக்கு 1500 கலோரி தின்கிற பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது 19 கிராம். அந்த ஒரு பாட்டிலிலேயே தாண்டிவிட்டது. இன்னும் டீ இருக்கிறது, பிஸ்கட் இருக்கிறது.

எங்கள் மலையில் இதற்கு ஒரு மறுப்பு வரும்: “மலைத்தேன் நல்லதுதானே?” தேன், வெல்லம், பழச்சாறு மூன்றிலும் இருப்பது பாக்டீரியாவுக்குச் சர்க்கரைதான். தேனையும் பழச்சாற்றையும் அந்த 5 சதவீதத்துக்குள்ளேயே சேர்த்துத்தான் கணக்கு. முழுப் பழம் அதில் சேராது. மென்று தின்பதில் எச்சிலும் ஊறுகிறது.

அப்படியென்றால் பல் விளக்குவதற்கு இதில் என்ன வேலை? நேரடியாகப் பார்த்தால் பல் தேய்த்து யாரும் இளைத்ததில்லை. சில நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறைக்குக் குறைவாகப் பல் தேய்க்கும் பிள்ளைகளிடம் எடை கூடுதல் அதிகமாகத் தெரிந்தது. பிரஷ் கொழுப்பைக் கரைப்பதாக இதற்கு அர்த்தமில்லை. ராத்திரி எட்டரைக்குப் பல் தேய்த்துப் படுக்க வைக்கிற வீட்டில், எட்டரைக்குப் பிறகு பிஸ்கட் பாக்கெட் திறக்கப்படுவதும் குறைவு. பிரஷ் அந்த வீட்டு ஒழுங்கைக் காட்டும் ஓர் அடையாளம். ஈறு விஷயத்தில் மட்டும் இன்னும் நெருங்கிய தொடர்பு உண்டு: உடம்பில் தேவைக்கு மேல் இருக்கும் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கும், பருத்த பெரியவர்களிடம் ஈறு நோய் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளிடம் அது அவ்வளவு வெளிப்படையாக இல்லை, அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எடையைப் படிக்கும் விதம்

கிலோவை மட்டும் பார்த்து ஒல்லி, குண்டு என்று சொல்ல முடியாது. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். அதுதான் பி.எம்.ஐ. நம் பையன் 8 வயது, 118 செ.மீ., 18 கிலோ. 18-ஐ 1.18-ஆல் வகுத்து, மறுபடி 1.18-ஆல் வகுத்தால் 12.9. பெரியவர்களுக்கான 18.5, 25 என்ற கோடுகளை இங்கே இழுக்கக் கூடாது. இழுத்தால் வகுப்பே பட்டினி கிடப்பதாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ம் ஆண்டு அட்டவணையில் 8 வயது ஆண் பிள்ளைக்கு நடு அளவு 15.7, 13.3-க்குக் கீழே போனால் மெலிவு. பையன் அந்தக் கோட்டுக்குக் கீழே. பெண்ணுக்கு 10 வயது, 135 செ.மீ., 40 கிலோ. கணக்குப் போட்டால் 21.9. அந்த வயதுப் பெண்ணுக்கு 19-க்கு மேல் கூடுதல் எடை, 22.6-க்கு மேல் உடல் பருமன். மேல் கோட்டுக்கு அருகில் நிற்கிறாள்.

மெஷினைச் சமதளத்தில் வையுங்கள், ஸ்வெட்டரையும் ஷூவையும் கழற்றச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். டிசம்பரில் ஒரு பிள்ளை உள்ளே இரண்டு, வெளியே ஒன்று என்று மூன்று ஸ்வெட்டர் போட்டிருக்கும். ஒரு கிலோ அங்கேயே கூடிவிடும்.

குளிரும் குழாய்த் தண்ணீரும்

சமவெளியில் எழுதப்பட்ட எந்தப் பல் பாடத்திலும் இதை நான் பார்க்கவில்லை. ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில், லைன் வீட்டு வாசல் குழாயில் வருகிற தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். நல்ல பல்லே கூசும். எனாமல் போய் உள்பகுதி திறந்திருக்கும் பல்லில் அது ஊசி குத்துவது போல இருக்கும். அதனால் பிள்ளை பல் விளக்காது. விளக்காததால் சொத்தை பெருகும், பெருகினால் இன்னும் கூசும். அம்மா ஏழரைக்குக் கொழுந்து பறிக்கக் கிளம்ப வேண்டும், நின்று பார்க்க ஆளில்லை. வாய் கொப்புளித்துவிட்டு ஒரு டம்ளர் இனிப்பு டீ. பையனின் வீட்டில் நடந்தது இதுதான், அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இதற்கு நான் சொன்ன மருந்து ஒன்றே ஒன்று: டீக்குக் கொதிக்க வைக்கும் பாத்திரத்திலிருந்து அரை டம்ளர் சுடுதண்ணீரை எடுத்துப் பச்சைத் தண்ணீரோடு கலந்து கொடுங்கள். அதோடு ராத்திரிப் பல் விளக்கலைக் காலை விளக்கலுக்கு மேலாக வையுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். வாயில் தங்கின இனிப்பைக் கழுவ ராத்திரி முழுக்க ஆளில்லை. ராத்திரி அம்மா வீட்டில் இருக்கிறார், அடுப்பு எரிகிறது, சுடுதண்ணீர் இருக்கிறது. பல்லை உறுதியாக்கும் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் போதும், பேஸ்ட் அட்டையில் ஃப்ளூரைடு அளவு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். 3 முதல் 6 வயதுக்குப் பட்டாணி அளவு, அதற்கும் கீழே அரிசி அளவு. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும். வாயைத் திரும்பத் திரும்பக் கொப்புளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும். ஏழு, எட்டு வயதுவரை பெரியவர் கை கூட இருக்க வேண்டும், தானாகச் சட்டைப் பொத்தான் போடத் தெரிந்த பிள்ளைக்கும்கூட. சாம்பல், செங்கல் பொடி வேண்டாம், எனாமலை அராவிவிடும்.

டீயை நிறுத்தச் சொன்னால் எங்கள் மலையில் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் நிறுத்தவில்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். சர்க்கரை இல்லாத டீயால் பல்லுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கு அது இரட்டை நஷ்டம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, சர்க்கரையைப் பாதியாக்கி.

என் மேஜையிலும் ஒரு டப்பா இருந்தது. கணக்குச் சரியாகப் போட்டால் ஒரு டாஃபி. பத்து வருடமாக நானே விப்பேஹோல்ம் நடத்தியிருக்கிறேன். இப்போது அதில் பென்சில் இருக்கிறது; பிள்ளைகளுக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை.

அந்தப் பையனுக்கு

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் பிள்ளைகள் உடல்நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வரும். பல் சொத்தையும் அவர்கள் பார்க்கிற பட்டியலில் உண்டு, அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு அவன் பையிலேயே கிடந்தது. போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. இரண்டாவது முறை நானே கூடப் போனேன். இரண்டு பால் பற்களைப் பிடுங்கினார்கள், இரண்டை அடைத்தார்கள். 6 வயதில் முளைத்த அந்த நிலையான பல்லுக்கு நான்கு தடவை போக வேண்டியிருந்தது, காப்பாற்றிவிட்டார்கள். மற்ற மூன்று நிலைப் பற்களின் பள்ளத்தில் சொத்தை வராமல் பூச்சு பூசினார்கள். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் அவன் எடை மூன்றரைக் கிலோ கூடியிருந்தது. பல்லால்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த வயதில் எந்தப் பிள்ளையும் வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ போடும், ஒரே ஒரு பையனை வைத்துக்கொண்டு நான் எதையும் நிரூபிக்க முடியாது. சுண்டல் நாளில் இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினான் என்பது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.

கடைத்தெருப் பெண்ணின் பையில் குளிர்பானம் இன்னும் வருகிறது. அவள் அப்பாவிடம் இரண்டு முறை பேசினேன். “நம்ம கடைச் சரக்குதானே டீச்சர்” என்று சிரித்தார். மூன்றாவது முறை அட்டையையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி விரித்து.